எதிராளி எதற்காக நகர்த்தினார்: தொடக்கநிலைச் சதுரங்கம் பற்றி

சதுரங்கத்தில் வல்லவர்கள் பத்துப் பதினைந்து நகர்த்தல்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டே காயைத் தொடுகிறார்கள் என்றும், அந்தக் கணக்குத் திறன் பிறவியிலேயே வாய்க்காதவர்கள் எவ்வளவு முயன்றாலும் ஒரு மட்டத்துக்கு மேல் போக முடியாது என்றும் ஓர் எண்ணம் பரவலாக இருக்கிறது. டச்சு உளவியலாளரும் தேர்ந்த ஆட்டக்காரருமான ஆட்ரியான் டி குரூட், அலெக்கைன், கெரெஸ் முதலான முன்னணி வீரர்களிடம் ஓர் ஆட்டநிலையைக் காட்டி, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அதைக் கீழ்நிலை வீரர்களின் யோசனையோடு ஒப்பிட்டார். 1946-இல் வெளிவந்த அவருடைய ஆய்வேடு மேற்சொன்ன எண்ணத்தைப் பெருமளவு அசைத்துவிட்டது. கிராண்ட்மாஸ்டர்கள் மற்ற நல்ல வீரர்களைவிடக் குறிப்பிடும்படி ஆழமாகக் கணக்கிடவில்லை. கணக்கிடத் தகுந்த நகர்த்தல் எது என்பது அவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, மற்றவர்களோ தவறான நகர்த்தலை எடுத்துக்கொண்டு அதைக் கவனமாகக் கணக்கிடுகிறார்கள்.

இதன் காரணத்தை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த நிலையை ஐந்து நொடி காட்டி, பிறகு பலகையை மறைத்து, நினைவிலிருந்து காய்களை அடுக்கச் சொன்னபோது, மாஸ்டர் நிலை வீரர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். புதியவரால் நான்கைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் பலகையில் இறைத்துக் காட்டியபோது மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே மாஸ்டருடைய நினைவாற்றல் பொதுவான ஒன்றன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவன் ஆறு எழுத்தைப் பார்க்கும் இடத்தில் பழகிய வாசகர் ஒரு சொல்லைப் பார்ப்பது போல, அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்காகக் கண்டு பழகிய காய்க்கூட்டங்களைப் பார்க்கிறார்.

தொடக்கநிலைக்காரர் எதைப் படிக்க வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்த இரண்டு ஆய்வுகளிலேயே அடங்கியிருக்கிறது. முதல் ஓரிரு ஆண்டுகளில் அவருக்குக் குறைவாக இருப்பது அறிவு அன்று, பார்வை. காய் நகர்த்தும் விதிகளைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், நுட்பமான திட்டத்தால் வெல்லப்பட்டவை மிகக் குறைவு. காவலின்றி நின்ற ஒரு காயை எதிராளி இலவசமாக வெட்டியதால் முடிந்தவையே மிகுதி. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் பிஷப்புக்கும் மூன்று மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது என்று காய்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மதிப்பைக் கொண்டு பார்த்தால், ஒரு குதிரையைச் சும்மா கொடுப்பது மூன்று சிப்பாய்களை இழப்பதற்குச் சமம். நிலை எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அந்த இழப்பை ஈடுகட்டுவது அரிது.

பார்வைக் குறை எப்படிச் செயல்படுகிறது என்பதை எல்லாரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் நான்கு நகர்த்தல் செக்மேட்டில் நெருங்கிப் பார்க்கலாம். பலகையின் நெடுவரிசைகளை வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையிலும் குறிப்பது வழக்கம். வெள்ளை சிப்பாயை இ4-க்கு நகர்த்துகிறது, கறுப்பு இ5-க்கு. வெள்ளையின் பிஷப் சி4-க்கு வருகிறது, கறுப்பு குதிரையை சி6-இல் இறக்குகிறது. மூன்றாவதாக வெள்ளை ராணி எச்5-க்குப் பாய்கிறது. கறுப்பை ஆடுபவர் ராணி இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்ததைக் கண்டு மகிழ்ந்து, தம் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்து அதைத் தாக்குகிறார். அடுத்த நகர்த்தலிலேயே ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி செக்மேட் கொடுத்துவிடுகிறது. சி4-இல் உள்ள பிஷப் ராணிக்குக் காவலாக நிற்பதால் ராஜாவால் அதை வெட்ட முடியாது, தப்பி ஓடக் கட்டமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, கறுப்பு ஆடிய குதிரை நகர்த்தல் அறியாமையால் வந்ததன்று என்பதே. குதிரையை வெளியே எடு, நடுக்கட்டங்களை நோக்கி வை, முடிந்தால் எதிராளியின் பெரிய காயைத் தாக்கு என்று புத்தகங்கள் சொல்லும் மூன்று அறிவுரைகளையும் அந்த ஒரு நகர்த்தல் நிறைவேற்றுகிறது. ராணி எதற்காக அங்கே வந்தது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால், ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத எஃப்7 கட்டத்தை ராணியும் பிஷப்பும் சேர்ந்து குறிவைப்பது தெரிந்திருக்கும். ஜி6-க்குச் சிப்பாயைத் தள்ளி ராணியின் வழியை மறித்திருக்கலாம். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் அதே கட்டத்தைக் குறிவைத்தால், அப்போது குதிரையை எஃப்6-இல் வைப்பதே சரியான விடை; அது இப்போது ராணிக்கும் எஃப்7-க்கும் நடுவே சுவராக நிற்கிறது. மூன்றாம் நகர்த்தலில் ஆட்டத்தை இழக்கச் செய்த அதே குதிரை நான்காம் நகர்த்தலில் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது. பொதுவிதிகளை மனப்பாடம் செய்து மட்டும் ஆட முடியாது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடைப்பது கடினம்.

எனவே முதற்பயிற்சி, எதிராளி காயை வைத்தவுடன் அந்தக் காய் இப்போது எதைத் தாக்குகிறது, நகர்ந்ததால் பின்னால் எந்தக் காயின் வழி திறந்தது, அது விட்டுவந்த இடத்தில் எது காவலிழந்தது என்று பார்ப்பதாகும். இரண்டாவது, தாம் ஆட நினைப்பதை ஆடுவதற்குச் சற்று முன், எதிராளிக்கு அதன்பின் என்னென்ன செக் இருக்கிறது, எந்தெந்தக் காயை வெட்ட முடியும் என்று ஒரு சுற்றுப் பார்ப்பது. கேட்பதற்கு மிக எளிதாக இருக்கும் இதை ஓர் ஆட்டம் முழுவதும், நாற்பது நகர்த்தலுக்கும் விடாமல் செய்வது மிகக் கடினம். முப்பத்தொன்பது முறை பார்த்துவிட்டு ஒரு முறை விட்டாலே ராணி போய்விடும். சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோடோவ், கிராண்ட்மாஸ்டரைப் போலச் சிந்திப்பது பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், பெனியமின் புளூமென்ஃபெல்ட் என்ற மாஸ்டரின் யோசனை ஒன்றைப் பரிந்துரைக்கிறார்: நகர்த்தலை முடிவுசெய்தபின் உடனே ஆடாமல், முதலில் அதை ஆட்டத்தாளில் எழுதிவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாத புதியவரின் கண்ணோடு பலகையைப் பார்த்து, ஒரே நகர்த்தலில் செக்மேட் ஆகிறதா, ராணி இலவசமாக நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2005-இல் விதியை மாற்றி, நகர்த்தலை முன்கூட்டியே எழுதுவதைத் தடை செய்துவிட்டதால் இன்று எழுதும் பகுதி செல்லாது. பார்க்கும் பகுதிக்குத் தடை எதுவும் இல்லை. புதியவர்களுக்கு மட்டுமே தேவையான எச்சரிக்கை என்று இதை ஒதுக்கவும் இயலாது. 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற கணினி நிரலோடு மோதிய விளாடிமிர் கிராம்னிக், அப்போது உலகச் சாம்பியனாக இருந்தும், இரண்டாம் ஆட்டத்தில் ஒரே நகர்த்தல் செக்மேட்டைக் கவனிக்காமல் ராணியை வேறுபக்கம் நகர்த்தித் தோற்றார்.

பார்வையை வளர்ப்பதற்கு இன்றுவரை கண்டறியப்பட்ட சிறந்த வழி, ஒரே கருத்தைக் கொண்ட எளிய புதிர்களைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான். ஒரு காய் ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் ஃபோர்க், பின்னால் நிற்கும் பெரிய காய்க்காக முன்னால் நிற்கும் காய் நகர முடியாமல் கட்டுண்டு கிடக்கும் பின், ஒரு காய் விலகுவதால் அதன் பின்னிருக்கும் காயின் தாக்குதல் வெளிப்படுவது, எட்டாம் வரிசையில் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்ட ராஜாவுக்கு யானை தரும் மேட் ஆகிய நான்கைந்து வடிவங்களே தொடக்கநிலை ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கின்றன. பெரியவரான பிறகு ஆட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட அமெரிக்கரான மைக்கேல் டி லா மாசா, ஆயிரம் புதிர்களை ஏழு சுற்று போடும் முறையைத் தம் நூலில் விவரித்தார். முதல் சுற்றுக்கு 64 நாள், அடுத்ததற்கு 32, அதற்கடுத்ததற்கு 16 என்று பாதி பாதியாகக் குறைந்து ஏழாம் சுற்று ஒரே நாளில் முடிய வேண்டும். வேலைக்குப் போகும் எவருக்கும் கடைசி இரண்டு சுற்றுகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை, ஒரு நாளில் ஆயிரம் புதிர் என்பது பயிற்சியைவிடத் தண்டனைக்கு நெருக்கமானது. ஆனால் அடிப்படைக் கருத்து சரியானது: ஒரு முறை சரியாக விடை கண்ட புதிரை மறுபடியும் பார்ப்பது வீண்வேலை அன்று, ஏனெனில் நோக்கம் விடை காண்பதன்று, பார்த்தவுடன் தெரியும் நிலைக்கு வருவது. லிசெஸ் போன்ற இலவசத் தளங்கள் புதிர்களை வடிவவாரியாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. இருப்பினும் புதிருக்கு ஒரு குறை உண்டு. புதிர் என்று சொல்லிக் கொடுப்பதே இங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஆட்டத்தில் அப்படி யாரும் தோளைத் தட்டிச் சொல்வதில்லை. மேலும் புதிர்கள் பெரும்பாலும் தாம் தாக்கும் வாய்ப்பைத் தேடப் பழக்குகின்றனவே தவிர, எதிராளியின் தாக்குதலைத் தேடப் பழக்குவதில்லை. பலகையைத் திருப்பி வைத்து, அடிவாங்கும் பக்கத்திலிருந்தும் அதே புதிரைப் பார்ப்பது இதற்கு ஓரளவு மாற்று.

பார்ப்பதற்கு நேரம் வேண்டும் என்பதால், மூன்று நிமிடம் ஐந்து நிமிட பிளிட்ஸ் ஆட்டங்கள் தொடக்கநிலைக்காரருக்கு மிகக் குறைவாகவே உதவுகின்றன. அவை ஏற்கெனவே உள்ள பழக்கத்தை உறுதிப்படுத்துகின்றன, அந்தப் பழக்கம் பார்க்காமல் ஆடுவது என்றால் அதையும் சேர்த்தே. இதற்கு எதிராக விஸ்வநாதன் ஆனந்தைக் காட்டுவது சென்னையில் வழக்கம். சதுரங்க வீரர் மானுவேல் ஆரோன் 1972-இல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில், தோற்றவர் எழுந்து போக வென்றவர் தொடர்ந்து ஆடும் பிளிட்ஸ் ஆட்டங்களிலேயே ஆனந்த் வளர்ந்தார் என்பது உண்மை. ஆனால் அதே ஆனந்த், தந்தையின் பணி நிமித்தம் மணிலாவில் வாழ்ந்த சிறுவயதில், தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்து வைக்க, பள்ளி விட்டு வந்து விடை கண்டுபிடித்து அனுப்பிப் பரிசுப் புத்தகங்களை வாங்கிக் குவித்ததையும், கடைசியில் நூலகத்தில் வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சிக்காரர்களே கேட்டுக்கொண்டதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் புதிர்களை விட்டுவிட்டு பிளிட்ஸை மட்டும் பின்பற்றுவதில் பயனில்லை. இணையத்தில் ஆடுவோர் குறைந்தது ஆளுக்கு 15 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதலும் உள்ள ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அறிவு என்று தனியே படிக்க வேண்டியவற்றுள் முதலிடம் இறுதி ஆட்டத்துக்கு, அதாவது பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு ராஜாக்களும் ஓரிரு காய்களும் எஞ்சியிருக்கும் கட்டத்துக்கு. 1921-இல் உலகச் சாம்பியனான கியூபாவின் கபபிளாங்கா, அதே ஆண்டு வெளிவந்த தம் அடிப்படை நூலை எளிய மேட்களோடும் சிப்பாய் ஆட்டங்களோடும் தொடங்கினார். ஒவ்வொரு காயும் தனித்து என்ன செய்யும் என்பது காய்கள் நெருங்கி நிற்கும்போது தெரியாது, பலகை காலியாக இருக்கும்போதுதான் தெரியும். ஓர் எடுத்துக்காட்டு போதும். வெள்ளை ராஜா இ4-இல், அதன் சிப்பாய் இ3-இல், கறுப்பு ராஜா இ6-இல் நிற்கின்றன. வேறு காய் எதுவும் இல்லை. ராஜாக்கள் நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும் இந்த நிலையை ஆப்போசிஷன் என்பார்கள். இதில் யார் நகர்த்த வேண்டியிருக்கிறதோ அவருக்கே நட்டம், ஏனெனில் அவர் வழிவிட்டாக வேண்டும். கறுப்பு நகர்த்தும் முறையானால் அது டி6-க்கு விலகினால் வெள்ளை ராஜா எஃப்5-க்கும், எஃப்6-க்கு விலகினால் டி5-க்கும் புகுந்து, சிப்பாய்க்கு முன்னால் நடந்து அதை எட்டாம் வரிசைக்கு அழைத்துச் சென்று ராணியாக்கிவிடும். வெள்ளை நகர்த்தும் முறையானால் ஆட்டம் டிரா. சிப்பாய் இ3-இல் இல்லாமல் ஒரு கட்டம் பின்னால் இ2-இல் இருந்தால், வெள்ளை நகர்த்தும் முறையானாலும் அதுவே வெல்லும். சிப்பாயை இ3-க்குத் தள்ளிவிட்டு நகர்த்தும் சுமையைக் கறுப்பின் தலையில் போட்டுவிடலாம். முன்னேறிய சிப்பாயைவிடப் பின்தங்கிய சிப்பாய் மேலானதாகும் இந்த வேடிக்கையை ஒரு முறை புரிந்துகொண்டவர், சிப்பாய்களை யோசிக்காமல் தள்ளுவதை அதன்பின் தானாகவே குறைத்துக்கொள்வார்.

அதே நிலையைக் கறுப்பின் பக்கமிருந்து காப்பாற்றும் முறையையும் கையால் ஆடிப் பழக வேண்டும். வெள்ளை சிப்பாய் இ6-க்கும் அதன் ராஜா இ5-க்கும் வந்துவிட, கறுப்பு ராஜா இ7-இல் நின்று பின்வாங்க வேண்டிய நிலையில், டி8, இ8, எஃப்8 என்ற மூன்று கட்டங்களுள் நேர் பின்னால் உள்ள இ8 மட்டுமே ஆட்டத்தைக் காக்கும். வெள்ளை ராஜா டி6-க்கு வந்தால் கறுப்பு டி8-இல் எதிர்நிற்க, சிப்பாய் இ7-க்கு வந்து செக் கொடுக்க, ராஜா இ8-க்குத் திரும்ப, வெள்ளை ராஜா சிப்பாயைக் காக்க இ6-க்கு வந்தவுடன் கறுப்புக்கு நகர்த்த இடமே இல்லாமல் ஸ்டேல்மேட் ஆகிவிடும். செக் இல்லாத நிலையில் நகர்த்தவும் வழியில்லை என்றால் அது தோல்வி அன்று, டிரா. மற்ற இரண்டு கட்டங்களுள் எதற்குப் போனாலும் வெள்ளை ராஜா எதிரே வந்து நின்று வென்றுவிடும்.

தொடக்க ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கட்டங்களில் சிப்பாய் வைத்தல், குதிரைகளையும் பிஷப்களையும் வெளியே எடுத்தல், ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கேஸ்லிங்கைச் சீக்கிரம் முடித்தல் ஆகியவற்றோடு, வெள்ளைக்கு ஒன்றும் கறுப்புக்கு இரண்டும் தெரிந்திருந்தால் நீண்ட காலம் போதும். சிசிலியன் தற்காப்பின் கிளைகளைப் பதினைந்து நகர்த்தல் வரை மனப்பாடம் செய்பவருக்கு நேரும் சங்கடம், எதிரே அமர்பவர் மூன்றாம் நகர்த்தலிலேயே புத்தகத்தைவிட்டு விலகிவிடுவார் என்பதுதான். தொடக்க ஆட்ட நூல்களும் காணொளிகளும் இவ்வளவு விற்பனையாவதற்குக் காரணம் அவை மிகவும் தேவை என்பதன்று, படிக்க இதமானவை என்பதே.

ஆனால் சொந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பது இதமான வேலை அன்று, அதனாலேயே பெரும்பாலோர் அதைத் தவிர்க்கிறார்கள். உலகச் சாம்பியன் மிகைல் போட்வின்னிக் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து எழுதுவதைப் பயிற்சியின் மையமாக வைத்திருந்தார். இன்று ஆட்டம் முடிந்த அடுத்த நொடியே ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின் தவறுகளைச் சிவப்பில் காட்டிவிடுகிறது. எது தவறு என்பதை அது பிழையின்றிச் சொல்லும், ஆடியவர் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாது. எனவே முதலில் எஞ்சின் இல்லாமல் ஆட்டத்தை ஓட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நேரத்தில் என்ன நினைத்தோம் என்பதை ஓரிரு வரியில் எழுதி, அதன்பின் எஞ்சினோடு ஒப்பிடுவதே பயன்தரும். அப்படி இருபது ஆட்டங்களை எழுதி வைத்தவருக்குத் தம் குறை ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருவது தெரியும்: தொலைவில் மூலையிலிருந்து வரும் பிஷப்பைக் காணாமை, பின்னோக்கித் தாவும் குதிரையை மறத்தல், ஒரு காயை வெட்டிய மகிழ்ச்சியில் அடுத்த நகர்த்தலை வேகமாக ஆடிவிடுதல்.

முன்னேற்றத்தை அளக்கப் பயன்படும் ரேட்டிங் எண், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாட் ஈலோ வகுத்த முறையைச் சார்ந்தது. ஃபிடே அதை 1970 முதல் பயன்படுத்துகிறது. இரு வீரர்களின் எண்களுக்கு இடையிலான வேறுபாடு அவர்கள் மோதினால் எதிர்பார்க்கத்தக்க விகிதத்தைக் காட்டுகிறது: 100 புள்ளி கூடியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 64-ஐயும், 200 கூடியவர் 76-ஐயும், 400 கூடியவர் 91-ஐயும் பெறுவார். இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆறு மாதம் உழைத்து 100 புள்ளி அளவுக்குத் தேறிய ஒருவர், தேறாத பழைய தம்மையே எதிர்த்துப் பத்து ஆட்டம் ஆடினாலும் ஆறு, ஆறரைதான் எடுப்பார். ஒரு வாரத்தில் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றவர் தம் பயிற்சி வீண் என்று முடிவுகட்டுவதற்கு இந்த எண்ணில் ஆதாரம் இல்லை.

எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. அர்ஜென்டினா வீரர்களை ஆராய்ந்த கில்லெர்மோ காம்பிதெல்லியும் ஃபெர்னாண்ட் கோபேயும், மாஸ்டர் நிலையை அடைய ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரமும் இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேலும் ஆனதைக் கண்டார்கள். நீல் சார்னஸும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வோ, ஆடிய போட்டிகளைவிடத் தனியே அமர்ந்து தீவிரமாகப் படித்த நேரமே ரேட்டிங்கோடு அதிகம் பொருந்துவதாகக் கூறுகிறது. நாற்பது வயதில் தொடங்குபவர் மாஸ்டர் பட்டத்தை மனத்தில் வைப்பது பெரும்பாலும் பொருந்தாது. காய்களைக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை ஆடி முடிப்பது எவருக்கும் எட்டக்கூடியது.

போட்டிக்குப் போக விரும்பும் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மட்டும் மீதமுள்ளது. ரேட்டிங் போட்டிகளில் எதிரே அமர்பவர்களுள் பலர் சிறுவர் சிறுமியர். அவர்களுடைய திறன் மாதந்தோறும் வளர்வதால், தாளில் உள்ள எண் எப்போதும் உண்மையான ஆட்டத்துக்குச் சில மாதங்கள் பின்தங்கியே இருக்கும். 2024 மார்ச்சில் ஃபிடே தன் பட்டியலின் அடிமட்டத்தை 1000-இலிருந்து 1400-ஆக உயர்த்தி, 2000-க்குக் கீழுள்ள எண்களைக் கூட்டிச் சீர்செய்ததற்கு அடிமட்ட எண்கள் இவ்வாறு நம்பகம் இழந்திருந்ததும் ஒரு காரணம். 1450 என்று குறிக்கப்பட்ட பத்து வயதுக் குழந்தையிடம் தோற்றவர், தாம் உண்மையில் எந்த எண்ணிடம் தோற்றார் என்பதை அடுத்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.